குதிரை ஏறும் வண்டி

குதிரை வண்டி என்றால் நமக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஜட்கா. பழனி அடிவாரத்தில் எல்லோரும் ஒருமுறையாவது ஏறியிருப்போம். நான் எழுதப்போவது அந்த வண்டியைப் பற்றி அல்ல. இது குதிரை இழுக்கும் வண்டி இல்லை, குதிரையே பயணியாக ஏறி நிற்கும் வண்டி. ஆங்கிலேயர்கள் ஹார்ஸ்பாக்ஸ் என்பார்கள், ஆஸ்திரேலியர்கள் ஃப்ளோட் என்பார்கள், அமெரிக்கர்கள் ஹார்ஸ் டிரெய்லர் என்பார்கள். நாம் குதிரை டிரெய்லர் என்றே வைத்துக்கொள்வோம்.

புனேயில் குடியிருக்கும் நம் ஆட்கள் இந்த வண்டிகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மும்பையில் குளிர்காலத்தில் பந்தயம், புனேயில் மழைக்காலத்தில் பந்தயம். அதனால் வருடம் இருமுறை குதிரைகள் கண்டாலா காட் ஏறி இறங்குகின்றன. பந்தயக் குதிரைகளுக்கு நல்ல வண்டி கிடைத்துவிடும், அவற்றின் விலை அப்படி. ஆனால் பஞ்ச்கனியிலும் மகாபலேஷ்வரிலும் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூறு அடி நடந்துவிட்டு வருகிறதே ஒரு குதிரை, கல்யாண மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு பேண்டு வாத்தியத்துக்கு நடுவே நிற்கிறதே ஒரு குதிரை, அதற்கு உடம்புக்கு வந்தால் எதில் ஏற்றுவார்கள்? செங்கல் ஏற்றும் டெம்போவில்தான்.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ராணுவக் கால்நடை மருத்துவர். ரிமவுண்ட் வெட்டர்னரி கோர் என்ற படைப்பிரிவில் இருந்தவர். (1779ல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் குதிரை வளர்ப்புக்காகத் தொடங்கிய துறையிலிருந்து வளர்ந்த பிரிவு அது.) 2018ல் அவர் ஒரு பழைய டிரெய்லரை, கிட்டத்தட்ட இரும்புக்கடை விலைக்கு வாங்கினார். இரண்டு குதிரை நிற்கக்கூடியது. எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்ல ஒரு தகடுகூட இல்லை. நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஆக்சிலையும் பிரேக்கையும் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மும்பை, புனே பக்கம் தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் 'அண்ணா'தான். எழுபது வயதைத் தாண்டிய அவரும் என்னை அண்ணா என்றுதான் அழைப்பார். நான் அவரை டாக்டர் சாஹேப் என்பேன்.

"அண்ணா, இதை அழகாக்க வேண்டாம். ஏறின குதிரை ஏறினபடியே இறங்கணும். அதற்கு எதை மாற்றணும், எதை விடணும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

கேட்பதற்கு எளிமையான கேள்வி. ஆனால் மனிதன் குதிரையை வேறொன்றில் ஏற்றிக் கொண்டுபோன இரண்டாயிரத்து ஐந்நூறு வருட சரித்திரமே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

* * *

முதல் விஷயமே என்னை ஆச்சரியப்படுத்தியது. பழைய வண்டியைச் சரிசெய்து குதிரை ஏற்றுவது ஒன்றும் நம் காலத்துச் சிக்கன யோசனை அல்ல. கி.மு. 430ல் ஏதென்ஸ் நகரத்துப் பெரிக்ளிஸ் கடல்வழியாகப் படையெடுத்துப் போனபோது 300 குதிரை வீரர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குதிரைகளை ஏற்றுவதற்குப் பழைய போர்க்கப்பல்களை மாற்றியமைத்தார்கள், ஏதென்ஸில் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை என்று துசிடிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். போருக்கு உதவாமல் போன கப்பலில் துடுப்பு வலிப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் குதிரைக்கு இடம் செய்தார்கள். அப்படி மாற்றிய ஒரு கப்பலில் 30 குதிரைகள் வரை போயிருக்கின்றன.

நம் பக்கமும் குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் குவிந்தன. பாண்டிய மன்னர் சார்பாக ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதோடு ஒரு நிபந்தனையையும் சொல்கிறார். குதிரை கடல் பயணத்தில் அடிபட்டாலும் சரி, செத்தாலும் சரி, அதன் விலையை அரச கஜானா கொடுத்துவிட வேண்டும்!

இதை மார்க்கோ போலோ சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் செத்துக்கொண்டே இருந்தன, லாடம் அடிப்பவர்களும் வைத்தியம் தெரிந்தவர்களும் இந்த நாட்டுக்கு வராதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், அப்போதுதானே வருடா வருடம் புதுக் குதிரை விற்கலாம் என்கிறார். மார்க்கோ போலோவின் எல்லாக் கதைகளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கணக்கு உதைக்கவில்லை. செத்த குதிரைக்கும் காசு வருமென்றால் கப்பலில் ஒரு சாக்கு மெத்தை தைக்கக்கூட எவனும் மெனக்கெட மாட்டான்.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் நிலைமை வேறு. 1248ல் மார்செய் துறைமுகத்தில் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறிய ஜுவான்வில் என்ற பிரபு தன் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு. அதன் வழியாகக் குதிரைகளை உள்ளே நடத்திப் போனார்கள். பிறகு கதவை மூடி, பீப்பாயை அடைப்பதுபோல இடுக்குகளை அடைத்தார்கள், ஏனென்றால் கப்பல் கடலுக்குப் போனதும் அந்தக் கதவு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். குதிரையைத் தூக்கி உள்ளே இறக்காமல் நடந்து ஏறும்படி வழி செய்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தக் குதிரைகள் ஏறுபவர்களின் சொந்தக் குதிரைகள். கரை இறங்கியதும் அவற்றின் மீது உட்கார்ந்து சண்டை போட வேண்டியவர்களும் அவர்களேதான்.

* * *

சாலையில் குதிரையை ஏற்றிப்போன கதைகளில் பிரபலமானது 1836ல் இங்கிலாந்தில் நடந்தது. அந்தக் காலத்தில் பந்தயக் குதிரையைப் பந்தயம் நடக்கும் ஊருக்கு நடத்தித்தான் கூட்டிப்போவார்கள். தென்கோடியிலிருந்து டான்காஸ்டர் போக இருநூறு மைலுக்கு மேல், இரண்டு வாரம் ஆகும். லார்ட் ஜார்ஜ் பெண்டிங்க் என்பவருக்கு எலிஸ் என்று ஒரு குதிரை. செயின்ட் லெஜர் பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோதும் எலிஸ் தெற்கிலேயே இருந்தது. புக்கிகள் விசாரித்தார்கள். இனிமேல் நடந்து வந்து சேர வழியே இல்லை என்று ஒன்றுக்குப் பன்னிரண்டு என விலையை ஏற்றினார்கள். பெண்டிங்க் லண்டன் வண்டிப் பட்டறை ஒன்றில் ரகசியமாக ஒரு பெரிய மூடுவண்டியைச் செய்து வைத்திருந்தார். உள்பக்கமெல்லாம் மெத்தை. இழுக்க ஆறு குதிரைகள். எலிஸும், தனியாகப் போனால் மிரளும் என்பதற்காகத் துணைக்கு டிரம்மர் என்ற இன்னொரு குதிரையும் அதில் ஏறின. ஒரு நாளைக்குச் சுமார் எண்பது மைல். வழியில் லிச்ஃபீல்டில் இறக்கிக் கொஞ்சம் ஓடவிட்டார்கள். மூன்றாம் நாள் டான்காஸ்டர். எலிஸ் ஜெயித்தது.

(இந்தப் பெண்டிங்க் என்ற பெயர் எங்கேயோ கேட்டதாக இருக்கிறதா? 1806ல் வேலூர்ப் புரட்சி நடந்தபோது சென்னை கவர்னராக இருந்து, அதனாலேயே திருப்பி அழைக்கப்பட்ட வில்லியம் பெண்டிங்க் இவருடைய சித்தப்பா.)

ஒரு டிரெய்லருக்கு வேண்டிய பாதி விஷயம் 1836லேயே வந்துவிட்டது. சுவரில் மெத்தை, துணைக்கு ஒரு குதிரை, நடுவில் இறக்கி நடக்க விடுவது. அன்பினால் அல்ல. குதிரை களைத்துப் போனால் பெண்டிங்கின் பணம் போய்விடும்.

அடுத்து ரயில் வந்தது. 1840களிலிருந்து பிரிட்டிஷ் ரயில்களில் குதிரைக்கென்று தனிப்பெட்டிகள். அதன் அமைப்பில் எனக்குப் பிடித்தது, குதிரை நிற்கும் இடத்தை ஒட்டிக் குதிரைக்காரனுக்கு ஒரு சின்ன அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கதவு. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குதிரையின் முகத்தைப் பார்க்கலாம், தடவிக் கொடுக்கலாம். பிற்பாடு 1930களில் அமெரிக்காவின் சீபிஸ்கட் ரயிலிலேயே சுமார் ஐம்பதாயிரம் மைல் சுற்றியதாகச் சொல்வார்கள். அதற்கும் பம்ப்கின் என்று ஒரு துணைக் குதிரை உண்டு. டிரம்மரின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ராணுவத்துக்கான குதிரைகள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்தன. அதனால்தான் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். வாரக்கணக்கில் ஒடுக்கமான தடுப்புக்குள் நின்றுகொண்டே வரும். குதிரையின் கால் எலும்புகளும் தசைநார்களும் பூட்டுப் போட்டதுபோல நிற்கும் அமைப்பு கொண்டவை, அதனால் நின்றபடி கண்ணயர முடியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல் அலைக்கு அப்பால் நிற்கும். குதிரைகளைக் கடலில் இறக்கிவிட்டு, கட்டுமரக்காரர்கள் கூடவே வர, கரைக்கு நீந்த விடுவார்கள். மசூலாப் படகும் கட்டுமரங்களும் சூழ ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னைக் கரையில் இறங்குவதை 1830களில் ஒருவர் நீர்வண்ண ஓவியமாகவே வரைந்திருக்கிறார். ஓசூரில் சென்னை ராணுவத்தின் குதிரை டிப்போ இருந்தது, பல குதிரைகளின் பயணம் அங்கே முடிந்தது.

வேலர் வியாபாரத்தில் விதி மாறிவிட்டதைக் கவனியுங்கள். குதிரை இங்கே இறங்கிய பிறகுதான் ராணுவத்தார் பார்த்து வாங்குவார்கள். வழியில் செத்தால் நஷ்டம் கப்பலில் ஏற்றியவருடையது. பாண்டியன் காலத்து ஏற்பாட்டுக்கு நேர் எதிர். வியாபாரிக்குக் குதிரையின் மூச்சைப் பற்றியும் காற்றுப் புழையைப் பற்றியும் கவலை வந்தது இதனால்தான்.

இதை எழுதும்போது மனிதர்களை ஏற்றிப்போன கப்பல்கள் ஞாபகத்துக்கு வராமல் இருக்க முடியுமா? 1860 நவம்பர் 16ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நம் மக்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன கப்பல்களில் கூடவே போன மருத்துவருக்கு, உயிரோடு கரை இறங்கும் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஏற்றிய தலைக்கு அல்ல, இறங்கிய தலைக்கு. மனிதன் விஷயத்திலும் சர்க்கார் அந்தக் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வெளியூர் வந்து பிழைக்கிறவர்கள் நாம். ஒரு ராத்திரி முழுக்க ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கழிவறைக் கதவோரம் நின்றபடி வந்தவர்கள் நம்மில் பலர். பெட்டி திரும்பும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று கை தேடும் பாருங்கள், குதிரைக்கு அந்தக் கையும் கிடையாது.

* * *

நோயாளிக் குதிரைக்கு வண்டி என்ற யோசனையும் பழையதுதான். நியூயார்க்கில் ஹென்றி பெர்க் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1867லேயே காயப்பட்ட குதிரைகளுக்கு ஆம்புலன்ஸ் விட்டது. அதே ஊரின் பெல்வ்யூ மருத்துவமனை மனிதர்களுக்கு ஆம்புலன்ஸ் விட்டது 1869ல். ஊர் முழுக்கக் குதிரைகள்தான் டிராமையும் சரக்கையும் இழுத்துக்கொண்டிருந்தன. நடுத்தெருவில் ஒன்று விழுந்துவிட்டால் வேலையே நின்றுவிடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். முதல் உலகப்போரில் மோட்டார் ஆம்புலன்ஸ்கள் குதிரைகளுக்கும் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, குதிரை வேலைக்காரன் என்ற நிலை போய் விளையாட்டுத் தோழன் ஆனதும், காருக்குப் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லர் மேல்நாட்டில் பரவியது. 1970களில் அமெரிக்காவில் அலுமினிய டிரெய்லர்கள் வந்தன.

டாக்டர் சாஹேப் வாங்கிய வண்டி அந்தப் பழைய இரும்பு வகை. இனி அதன் கதையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பாகத்திலும் மேலே சொன்ன சரித்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் தரை. மேலே ரப்பர் பாய், பார்க்க நன்றாகவே இருந்தது. அவர் பாயைச் சுருட்டச் சொல்லி, ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துப் பலகையில் குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. குதிரையின் மூத்திரம் பாய்க்கு அடியில் தேங்கிப் பலகையை உளுத்துப்போகச் செய்யும், கீழே இருக்கும் ஆங்கிள் இரும்பையும் தின்னும். ஒரு குதிரை சுமார் 500 கிலோ. அந்த எடை மொத்தமும் நான்கு குளம்புகளில் நிற்கிறது. ஓடும் வண்டியில் பலகை உடைந்து ஒரு கால் தார்ச்சாலையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. பழைய டிரெய்லர்களில் மிகக் கொடூரமான விபத்து இதுதான்.

பலகை முழுவதையும் பெயர்த்தோம். குறுக்கு இரும்புகளில் மூன்றை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்தார்கள். பலகைக்கு இங்கே 'ஐன்' என்று ஒரு மரம் கிடைக்கும். நம் ஊர்க் கருமருதுதான் அது. ஒன்றரை அங்குலக் கனம், பலகைக்குப் பலகை கால் அங்குல இடைவெளி. மூத்திரம் தேங்காமல் கீழே போக வேண்டும், அதற்குத்தான் இடைவெளி. அலுமினியத் தகடு போடலாமே என்று பட்டறைக்காரர் கேட்டார். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத்தை நேராக உட்கார வைத்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். மரமே போதும் என்று முடிவானது.

அடுத்து பிரேக். பழைய டிரெய்லரில் இருந்தது தள்ளு பிரேக். முன்னால் போகும் ஜீப் வேகம் குறைத்தால், பின்னால் வரும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலிலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் காட் இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் பிடித்தபடியே இருக்கும், டிரம் சூடேறிப்போகும். அதனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய மின்சார பிரேக் மாட்டினோம். இணைப்பு அறுந்து டிரெய்லர் தனியே ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்க ஒரு தனி பேட்டரியும் உண்டு. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரமாயிற்று. டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் வயசாகிப் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது. நான்கையும் மாற்றினோம். லீஃப் ஸ்பிரிங்குகளில் உடைவு இல்லை. கழற்றி, சுத்தம் செய்து, புதுப் புஷ் போட்டு அப்படியே வைத்துக்கொண்டோம்.

மூன்றாவதுதான் சண்டை வந்த விஷயம். உள்ளே ஐந்தடி அகலம், ஒன்பதடி நீளம். நடுவில் தரை வரைக்கும் இறங்கிய இரும்புத் தடுப்பு, பக்கத்துக்கு ஒரு குதிரை. டாக்டர் சாஹேபின் மகன் இரண்டு குதிரை டிரெய்லராகவே வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கும் விடலாம், செலவில் பாதியாவது திரும்பி வரும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த ஒரு விதி 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்கு ஏற்றும் வண்டியில் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஐந்தடிக்கு ஒன்பதடி என்றால் 45 சதுர அடி, அதாவது 4.18 சதுர மீட்டர். இரண்டு குதிரைக்கு 4.5 வேண்டும். கணக்குப்படி இது ஒரு குதிரை வண்டிதான்.

சட்டத்தை விடுங்கள், குதிரையின் உடம்பே அதைத்தான் சொல்கிறது. வண்டி திரும்பும்போது குதிரை விழாமல் இருக்கக் கால்களை அகட்டி ஊன்ற வேண்டும். தரை வரை தடுப்பு இருந்தால் கால் அகலாது. அதனால் இன்றைய டிரெய்லர்களில் பலவற்றில் தடுப்பு பாதியோடு நின்றுவிடும். 1994ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். டிரெய்லருக்குள் குதிரையைக் கட்டாமல் விட்டுப் பார்த்தால், வண்டி நிற்கும்போது எப்படி வேண்டுமானாலும் நின்ற குதிரைகள், ஓடும்போது பெரும்பாலும் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றன. எல்லாக் குதிரைக்கும் இதே விடை என்று சொல்ல முடியாது. ஆனால் எப்படி நிற்பது என்று முடிவெடுக்க அதற்கு இடம் இருந்தால் நல்லது என்பது தெரிகிறது. நடுத்தடுப்பை எடுத்துவிட்டோம்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உள்ளே கரும்பச்சை வர்ணம் இருந்தது, அதை வெள்ளையாக்கினோம். குதிரையின் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். இருட்டுக் குகைக்குள் ஏறு என்றால் எந்தக் குதிரையும் யோசிக்கும். ஆறடியாக இருந்த கூரையை ஒன்பது அங்குலம் உயர்த்தினோம். எல்இடி விளக்குகள், இரண்டு பக்கமும் காற்று ஜன்னல்கள், முன்னால் குதிரைக்காரன் அவசரத்துக்கு வெளியேற ஒரு சிறு கதவு, குளுக்கோஸ் பாட்டில் மாட்ட ஒரு கொக்கி. தலையைக் கட்டும் கயிறு கொஞ்சம் நீளமாக, குதிரை தலையைக் கீழே தாழ்த்தக்கூடிய அளவுக்கு. இது முக்கியம். தலையை உயர்த்தியே கட்டி வைத்த குதிரைகளின் மூச்சுக்குழாயில் ஒரு நாளுக்குள்ளேயே பாக்டீரியா பெருகுவதை 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தலை தாழ்ந்தால்தான் சளி வெளியே வரும். நீண்ட பயணம் போன குதிரைக்கு வரும் நிமோனியாவுக்கு 'கப்பல் காய்ச்சல்' என்றே ஆங்கிலத்தில் பெயர். வேலர்கள் நின்றபடி வந்த அந்தக் கப்பல்களை நினைத்துக்கொண்டேன்.

என் பங்குக்கு ஒரு ரிவர்ஸ் கேமராவை உள்ளே குதிரை முகத்தைப் பார்க்கும்படி மாட்டி, திரையை ஓட்டுநர் பக்கத்தில் வைத்தேன். ரயில் பெட்டியில் குதிரைக்காரனுக்கு இருந்த அந்தச் சின்னக் கதவின் வேலையை இப்போது இது செய்கிறது. வெளியே புது பெயின்ட் மட்டும்தான். உருவம் பழையதே. வண்டியின் பதிவுச் சான்றிலிருந்து மாறும் வேலைகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும், அதையும் முடித்தார் டாக்டர் சாஹேப்.

* * *

1978ல் நம் நாட்டில் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளை அவர்தான் எனக்குக் கொடுத்தார். குதிரைக்கென்று அதில் தனிப் பகுதியே இருக்கிறது. தரையில் வழுக்காமல் தென்னை நார்ப் பாயோ மரப்பலகையோ வேண்டும். குதிரைக்குக் குதிரை நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் கட்ட வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்கத் தலை இடது பக்கம் இருக்க வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும். 35 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. மூங்கிலும் தென்னை நாரும்! எந்த ஊர் லாரிக்காரராலும் செய்யக்கூடிய காரியம். விதி எழுதியவர் யாரோ குதிரையோடு வண்டியில் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

2019 கோடையில் பஞ்ச்கனியிலிருந்து ஃபோன் வந்தது. சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஒரு பெண்குதிரைக்குக் கோலிக், அதாவது கடும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரம்தான். ஊசி போட்டும் வலி குறையவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். புனேக்குச் சுமார் நூறு கிலோமீட்டர், முதலில் பசர்ணி காட் இறக்கம், பிறகு வாய், பிறகு நெடுஞ்சாலை. டாக்டர் சாஹேப் முன்சீட்டில் திரையைப் பார்த்தபடியே வந்தார். குதிரைக்காரப் பையனுக்கு இருபது வயது இருக்கும். அந்தக் குதிரைதான் அந்தக் குடும்பத்தின் வருமானம். மூன்றரை மணி நேரம் கழித்து ராம்ப்பை இறக்கினோம். அது வியர்த்து நனைந்திருந்தது, ஆனால் நான்கு காலிலும் நின்றது, தானே நடந்து இறங்கியது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. இரண்டு நாள் வைத்தியத்துக்குப் பிறகு சாணம் போட்டது. அந்தப் பையன் அந்தச் சாணத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

எல்லாக் குதிரையும் இப்படிப் பிழைப்பதில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு போய்விட்டன. ஒன்றுகூட வண்டியில் விழவில்லை.

பாண்டியனின் 220 தினாரிலிருந்து இன்றைய 2.25 சதுர மீட்டர் வரை நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். குதிரை கெட்டுப்போனால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் வண்டியைத் திருத்துகிறார். பெண்டிங்குக்குப் பந்தயப் பணம், வேலர் வியாபாரிக்கு முதல். நஷ்டம் தாங்குகிறவன் ஏழையாக இருந்தால் அவனால் வண்டியைத் திருத்த முடியாது, அந்த இடத்தில்தான் சட்டமும் டாக்டர் சாஹேப் மாதிரி ஆட்களும் வர வேண்டியிருக்கிறது. புது வண்டிதான் வேண்டும் என்பதில்லை. உளுத்த பலகையைப் பெயர்க்க மனசு இருந்தால் பழைய வண்டியும் போதும்.

நம்மால் ஆகக்கூடிய ஒரு காரியமும் உண்டு. லீவுக்குக் காரில் ஊருக்குப் போகும்போது முன்னால் குதிரை ஏற்றிய வண்டி ஊர்ந்து போனால் ஹாரன் அடிக்காதீர்கள். ஓவர்டேக் செய்துவிட்டு அதன் முன்னால் சட்டென்று பிரேக் போடாதீர்கள். அந்த ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால், உள்ளே ஐந்நூறு கிலோ உடம்பு ஒன்று பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் தடுமாறும். பின்சீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், அவர்களுக்குக் குதிரை என்றால் உயிராயிற்றே.